கிளினிக்குக்கு பேர் வெக்கப் போறீங்களா? போர்டு அடிக்கக் குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

சென்னைல சொந்தமா கிளினிக் போடப்போற ஜூனியர்ஸ் எல்லாரும் கடைக்கு அட்வான்ஸ் குடுத்த கையோட எனக்கு ஒரு லிஸ்ட் அனுப்பிடுவாங்க, அண்ணா இதுல எது நல்லாருக்கு பாருங்கன்னு. பிசியோவா இருக்கட்டும், ஸ்பீச்சா இருக்கட்டும், ஓடி (ஆக்குபேஷனல் தெரபி), டயட், ஆப்டோமெட்ரி எதுவா வேணா இருக்கட்டும், லிஸ்ட் மட்டும் ஒரே ஆள் எழுதுன மாதிரி இருக்கும். ரீவைவ், ரீநியூ, ரீகெய்ன், ரீபூட். பாதி பேர் ரீ-ல ஆரம்பிக்கும், மீதி பாதி கேர்-ல முடியும். நாளைக்கு உங்க பேஷன்ட் ஒருத்தர் "அதான்பா, ரீ ஏதோ ஒண்ணு, வாய்ல வரமாட்டேங்குது"ன்னு பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொல்லுவாரு, அவர் கூகுள்ல தேடி அதே ரோட்ல இருக்கற இன்னொரு ரீ-க்கு போய் உக்காந்துடுவாரு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு அலுத்துப்போச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

உங்க கிளினிக் பேரை நீங்க சொல்றதவிட மத்தவங்கதான் நூறு மடங்கு அதிகமா சொல்லப்போறாங்க. நம்ம லைன்ல பேஷன்ட் எப்படி வர்றாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. பெருங்குடில ஒரு அபார்ட்மென்ட், மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்துருக்காங்க, மருமக குரூப்ல "நல்ல பிசியோ யாராச்சும் தெரியுமா"ன்னு கேக்கறாங்க, மூணாவது மாடி ஆன்ட்டி சமையல் பண்ணிட்டே ஒரு வாய்ஸ் நோட் போடறாங்க. இல்லன்னா ஆர்த்தோ டாக்டர் அடுத்த பேஷன்ட்டுக்கு பெல் அடிச்சிட்டே "அங்க போய் பத்து சிட்டிங் எடுத்துக்கோங்க"ன்னு வாயால சொல்லி அனுப்பறார். அப்புறம் ஆட்டோக்காரர்கிட்ட சொல்லணும், கீழ வாட்ச்மேன்கிட்ட கேக்கணும். இத்தனை வாய் மாறி வந்தும் உருக்குலையாம இருக்கற பேர்தான் நல்ல பேர். லோகோ எப்படி இருக்குங்கறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

இதுக்கு டெஸ்ட் ரொம்ப ஈசி. பெரம்பூர்லயோ குரோம்பேட்டைலயோ இருக்கற உங்க அத்தைக்கு போன் போட்டு பேரை ஒரே ஒரு தடவை சொல்லுங்க, ஸ்பெல்லிங் சொல்லாதீங்க, அர்த்தம் விளக்காதீங்க. மாமாகிட்ட சொல்லிருங்க அத்தைன்னு வெச்சிருங்க. மறுநாள் மாமாகிட்ட கேளுங்க, அவர் வாய்ல என்ன வருதோ அதுதான் உங்க கிளினிக் பேர். "கைனெட்டிக்ஸ்"னு நீங்க சொன்னது "கைனி ஏதோ"ன்னு வந்துச்சுன்னா அவர் கைனகாலஜின்னு நெனச்சுட்டாருன்னு அர்த்தம். "கெய்ட்"னு வெச்சா கண்டிப்பா "கேட்"தான், நடை சம்பந்தப்பட்ட வார்த்தைன்னு நமக்கு மட்டும்தான் தெரியும், காலேஜுக்கு வெளிய எவனுக்கும் தெரியாது. இதே டெஸ்ட்டை உங்க பேட்ச்மேட்ஸ்கிட்ட மட்டும் பண்ணாதீங்க, அவங்க எல்லாத்தையும் சூப்பர்னு தான் சொல்லுவாங்க.

உங்க லைனுக்குன்னு ஒரு தனி டெஸ்ட்டும் இருக்கு, இதை பலபேர் யோசிக்கறதே இல்ல. ஆடியாலஜி கிளினிக் போடறீங்கன்னா உங்ககிட்ட வர்றவங்களுக்கு காதுதான் பிரச்சனை. வயசாகி காது மந்தமாகறப்ப மொதல்ல போறது ஹை ஃப்ரீக்வென்சி, அதாவது ஸ், ஷ், ஃப் மாதிரி சத்தமெல்லாம்தான் மொதல்ல மங்கும், ம, ன மாதிரி சத்தமும் உயிரெழுத்து சத்தமும் அதைவிட நல்லா விழும். நீங்களே தெனம் ஆடியோகிராம்ல பாக்கறதுதான இது. அப்புறம் போய் பேர்ல நாலு ஸ், ரெண்டு ஃப் போட்டு வெச்சா தாத்தாவுக்கு போன்ல அந்தப் பேர் எப்படி கேக்கும்? அதேமாதிரி ஸ்பீச் தெரபி சென்டர்னா, "ர" வராத பையன், "ஸ" வராத பொண்ணு, திக்கற காலேஜ் ஸ்டூடன்ட், ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் வார்த்தை தேடற அப்பா, இவங்கள்லாம்தான் உங்க ஆளுங்க. எங்கப்பா போறன்னு யாராச்சும் கேட்டா அந்தப் பையன் வாய்ல வர்ற மாதிரி ஒரு பேர் வெக்கலாம்ல. சின்னதா, ரெண்டு மூணு அசைல, ப, ம, அ மாதிரி குழந்தைங்களுக்கு சீக்கிரமே வர்ற சத்தத்துல. ஆப்டோமெட்ரி, லோ விஷன் (பார்வை ரொம்ப கம்மியானவங்களுக்கான ட்ரீட்மென்ட்) பண்றவங்களுக்கு பேரைவிட போர்டு எழுத்துதான் முக்கியம், மெலிசா சாம்பல் கலர்ல ஸ்டைலா அடிச்சு வெக்காதீங்க, அவ்ளோதான்.

சில வார்த்தைங்க நம்ம ஊர்ல வேற அர்த்தத்துக்கு போயிடுச்சு

"ரீஹாப்" எடுத்துக்கோங்க. பிஎம்ஆர் (பிசிகல் மெடிசின் அண்ட் ரீஹாபிலிடேஷன்) படிச்சவங்களுக்கும் நமக்கும் அது ரீஹாபிலிடேஷன், கேகே நகர்ல கவர்மென்ட்டோட ரீஹாபிலிடேஷன் மெடிசின் இன்ஸ்டிட்யூட்டே இருக்கு, எல்லாம் சரி. ஆனா தெருவுல போறவங்களுக்கு ரீஹாப்னா குடி நிறுத்தற இடம். தமிழ்ல "மறுவாழ்வு மையம்"னு போட்டீங்கன்னா முடிஞ்சுது கதை. ஸ்ட்ரோக் வந்த அப்பாவை அங்க கூட்டிட்டு வர்ற பொண்ணு "அப்பாவை மறுவாழ்வு மையத்துல சேத்துருக்கோம்"னு சொந்தக்காரங்ககிட்ட சொல்ல முடியுமா? அதுமட்டுமில்ல, உங்களுக்கு போன் பண்ணி "எத்தனை நாள்ல நிறுத்துவாருங்க, ரூம்ல பூட்டி வெப்பீங்களா"ன்னு கேக்கறவங்களும் உண்டு, சிரிக்காதீங்க. ரீஹாப் வேணும்னா கூட "நியூரோ"வோ "பிசியோ"வோ பக்கத்துல ஒட்டி வர்ற மாதிரி வெச்சு, தமிழ் போர்டுல "இயன்முறை மருத்துவம்"னு தெளிவா போட்டுருங்க. இயன்முறைங்கறது கவர்மென்ட் ஆஸ்பத்திரி போர்டுல பாத்துப் பாத்து ஜனங்களுக்கு ஓரளவு பழகிருச்சு.

இதைவிட சீரியஸான ஒண்ணு, குறிப்பா வீட்டுக்குப் போய் ட்ரீட்மென்ட் பண்ற லேடி தெரபிஸ்ட்டுங்களுக்கு. டச், ரிலாக்ஸ், ப்ளிஸ், செரீன், ஹீலிங் ஹேண்ட்ஸ், வெல்னஸ் தெரபி, இந்த மாதிரி பேரெல்லாம் காதுக்கு இனிமையா இருக்கும் ஆனா மசாஜ் சென்டர், ஸ்பா எல்லாம் இதே வார்த்தைங்களைத்தான் புடிச்சு வெச்சுருக்கு. ராத்திரி பத்தரைக்கு போன் வரும், "மேடம் ஹோம் சர்வீஸ் உண்டா, ஃபுல் பாடி எவ்ளோ"ன்னு. போனை எடுக்கறது ரிசப்ஷனிஸ்ட் பொண்ணா இருந்தா அது ரெண்டே வாரத்துல வேலைய விட்டுட்டுப் போயிடும். தெரபிங்கற வார்த்தைய தனியா நிக்க விடாதீங்க, முன்னாடி பிசியோவோ ஸ்பீச்சோ ஆக்குபேஷனலோ இருக்கணும், லோகோல பூ, மெழுகுவத்தி, கூழாங்கல்லு படமெல்லாம் வேணவே வேணாம். பேரும் படமும் சேந்துதான் ஆளுங்களுக்கு சேதி சொல்லும்.

குழந்தைங்களுக்கான சென்டர்னா இன்னும் கொஞ்சம் மனசு வெச்சு யோசிக்கணும். ஆட்டிசம், ஸ்பெஷல், டிலே இந்த வார்த்தைங்களை பேர்லயே போட்டா தேடறவங்களுக்கு சுலபம்தான், ஒத்துக்கறேன். ஆனா மொத தடவ வர்ற அம்மாவோட நிலைமைய பாருங்க, இன்னும் யாரும் டயக்னோசிஸ் சொல்லல, ரெண்டரை வயசாகுது பேச்சு வரல, வீட்ல மாமனார் "அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசுனான்"னு சொல்லிட்டு இருக்கார், இவங்க மட்டும் பயந்துபோய் வர்றாங்க. போர்டுல அந்த வார்த்தைய பாத்தா ஆட்டோவ தெருமுனையிலயே நிறுத்தச் சொல்லி எறங்கி நடந்து வருவாங்க, சிலபேர் அப்படியே திரும்பியும் போயிடுவாங்க. பேர் பொதுவா இருக்கட்டும், கீழ சின்னதா "பேச்சு, விளையாட்டு, கற்றல் பயிற்சி"ன்னு போடுங்க போதும்.

டயட்டீஷியன்ஸ் ஸ்லிம், ஃபிட்னு வெச்சா கல்யாணத்துக்கு முன்னாடி வெயிட் கொறைக்கறவங்க மட்டும்தான் வருவாங்க, கிட்னி பேஷன்ட்டும் சுகர் பேஷன்ட்டும் இது நமக்கில்லன்னு போயிடுவாங்க.

பேர்ல வாக்குறுதி குடுக்காதீங்க. "பெயின் ஃப்ரீ", "க்யூர்", "100 சதவீதம்" இதெல்லாம் வேணாம். வலி போகலன்னா அந்தப் பேரையே சொல்லிக் காமிச்சு சண்டை போடுவாங்க. ட்ரேட்மார்க் சட்டத்துலயும் ஜனங்களை ஏமாத்தற மாதிரி இருக்கற பேரை நிராகரிக்க இடம் இருக்கு, 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல தப்பா நம்ப வெக்கற விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும் அபராதம் போட வழியும் இருக்கு. அதேமாதிரி ஆர்த்தோ, நியூரோ சென்டர்னு மொட்டையா வெச்சா உள்ள எலும்பு டாக்டர் இருக்கார்னு நெனச்சு எக்ஸ்ரேயோட வருவாங்க. "ஆர்த்தோ பிசியோ"ன்னு வெச்சா பிரச்சனையில்ல. ஹாஸ்பிடல்னு பேர்ல போடறதை கனவுல கூட நெனக்காதீங்க.

"டாக்டர்" விஷயமும் இதுலயே வரும். உங்க பேருக்கு முன்னாடி டாக்டர் போடலாமா கூடாதாங்கற சண்டை ஓஞ்சபாடில்ல. 2025 செப்டம்பர்ல மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகத்துல இருந்து பிசியோதெரபிஸ்ட்டுங்க டாக்டர்னு போடக்கூடாதுன்னு ஒரு லெட்டர் வந்துச்சு, அடுத்த நாளே வாபஸ் வாங்கிட்டாங்க. யார் பக்கம் நியாயம்னு டீக்கடைல பேசிக்கலாம், ஆனா கிளினிக்கோட பதிவான பேர்ல அதை வெச்சுட்டு நாளைக்கு ஒரு உத்தரவு வந்தா போர்டு, பில் புக், பேங்க் அக்கவுன்ட், ஸ்டாம்ப்னு எல்லாத்தையும் மாத்தணும். விசிட்டிங் கார்டுல என்ன வேணா முடிவு பண்ணிக்கோங்க, கிளினிக் பேர்ல அது வேணாம்.

தமிழ்ப் பேர் வெக்கறவங்களுக்கு

ஆசையா இருக்கும், வெக்கணும்தான், எனக்கும் புடிக்கும். ஆனா சத்தமா சொல்லிப் பாத்துட்டு வைங்க. பிசியோ பையன் ஒருத்தன் "அசைவு"ன்னு வெக்கறேன்னான். அர்த்தம் பிரமாதம். ஆனா மேம்பாலத்துல இருந்து எறங்கற வேகத்துல போர்டைப் பாக்கறவன் அதை "அசைவம்"னு படிப்பானா மாட்டானா, நீங்களே சொல்லுங்க. இன்னொருத்தர் "நடை"ன்னாரு. ஞாயித்துக்கிழமை லீவு விட்டா "நடை சாத்திட்டாங்களா"ன்னு கிண்டல் பண்றதுக்கு ஊர்ல ஒரு கூட்டமே இருக்கு. அதுக்காக வெக்கக்கூடாதுன்னு இல்ல, நடைங்கறது மறக்கவே முடியாத பேரு, கிண்டலைத் தாங்கிக்கறவருக்கு லாபம்தான். அசைவை மட்டும் நான் விட்டுரச் சொன்னேன்.

"ழ" வர்ற பேர்ல ஒரு நடைமுறை தொல்லை இருக்கு. "மழலை"ன்னு ஸ்பீச் சென்டருக்கு வெச்சா கேக்க எவ்ளோ அழகு. இங்கிலீஷ்ல டைப் பண்றவங்க இசட் ஹெச் போட்டு ஒருத்தர், வெறும் இசட் போட்டு ஒருத்தர், எல் போட்டு ஒருத்தர்னு ஆளுக்கு ஒரு விதமா தேடுவாங்க. அப்படி ஒரு பேர்ல மனசு நின்னுருச்சுன்னா மூணு ஸ்பெல்லிங்லயும் டொமைன் கெடைக்குதான்னு பாத்து வாங்கிப் போட்டுருங்க, வருஷத்துக்கு பெருசா ஒண்ணும் ஆகாது. (மழலை பேர்ல இன்னொரு சங்கடம், எட்டு வயசுப் பையனோட அம்மா "இவன் என்ன மழலையா"ன்னு மொகம் சுளிப்பாங்க. குட்டிப் பசங்களுக்கு மட்டும் பாக்கறீங்கன்னா ஓகே.)

இங்கிலீஷ் பேர்தான் வெக்கறீங்கன்னாலும் தமிழ்ல எழுதிப் பாத்தே ஆகணும், ஏன்னா போர்டுல தமிழ் கட்டாயம். தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் விதிகள் 1948-ல 15வது விதிப்படி பெயர்ப்பலகைல தமிழ் இருக்கணும், வேற மொழியும் போட்டா தமிழ்தான் மொதல்ல வரணும். அளவு கணக்கு 5:3:2, தமிழ் அஞ்சு பங்கு, இங்கிலீஷ் மூணு, வேற மொழி இருந்தா ரெண்டு. அப்ப உங்க பேர் பெருசா தெரியப்போறது தமிழ் எழுத்துலதான். தமிழ்ல pa-வும் ba-வும் ஒரே எழுத்து, ka-வும் ga-வும் ஒரே எழுத்து, அதனால "பேக்"னு எழுதுனா முதுகா, பையா, கேக் சுடறதாங்கறது படிக்கறவர் இஷ்டம். முதுகுவலி கிளினிக்குன்னு போர்டு அடிச்சுட்டு பேக்கரின்னு நெனச்சு பப்ஸ் கேட்டு ஆள் வந்தா நான் பொறுப்பில்ல.

வீட்ல சொல்ற பேர், சாமி பேர், ஏரியா பேர்

நியூமராலஜி பாக்காத வீடு சென்னைல கம்மி, அதனால அதைப் பாக்காதீங்கன்னு சொல்லி உங்க வீட்ல சண்டைய இழுத்துவிட மாட்டேன். கூட்டுத்தொகை வரணும்னு நடுவுல ஒரு ஏ, கடைசில ஒரு ஹெச் சேப்பாங்க. சேத்துக்கோங்க. ஆனா ரெண்டு விஷயம் தெரிஞ்சிருக்கணும். ஒண்ணு, ஏற்கனவே இருக்கற ஒரு பேரோட எழுத்தை மட்டும் மாத்தி வெச்சா அது புதுப் பேர் ஆயிடாது, ட்ரேட்மார்க் ஆபீஸ்லயும் கம்பெனி ரிஜிஸ்ட்ரேஷன்லயும் காதுல கேக்கற சத்தத்தையும் பாப்பாங்க, ஒரே மாதிரி ஒலிச்சா ஒரே மாதிரிதான். ரெண்டாவது, கூடுதல் எழுத்து போட்ட ஸ்பெல்லிங்கை எந்த பேஷன்ட்டும் டைப் பண்ண மாட்டாங்க, அதனால சாதா ஸ்பெல்லிங் டொமைனையும் சேத்து வாங்கிக்கோங்க. ஜோசியர்கிட்ட போறதுன்னா கூட ஃபைனல் லிஸ்ட் மூணு பேரோட போங்க, வெறுங்கையோட போனா அவர் குடுக்கற பேரைத்தான் வெச்சாகணும்.

சாமி பேர் வெக்கறவங்களுக்கு என்ன பிரச்சனைன்னா கூட்டம். ஸ்ரீ சாய், முருகன், லக்ஷ்மினு மெடிக்கல் ஷாப்ல இருந்து டிபன் சென்டர் வரைக்கும் எல்லாம் அதே பேர், கூகுள் மேப்ல தேடுனா பேஷன்ட் பஜ்ஜிக்கடைல போய் நிப்பாரு. ட்ரேட்மார்க்லயும் எல்லாரும் பொதுவா வெக்கற பேரை ஒருத்தர் மட்டும் சொந்தம் கொண்டாடறது கஷ்டம். ஸ்வாமி படத்தை உள்ள மாட்டி தெனம் பூ போடுங்க.

ஏரியா பேர் வெக்கறது ஆரம்பத்துல நல்லா வேலை செய்யும், வேளச்சேரி பிசியோன்னு தேடறவங்க நேரா வருவாங்க. ஆனா நம்ம ஊர்ல வாடகை அக்ரிமென்ட் 11 மாசம், ஓனர் பையன் அமெரிக்கால இருந்து வந்துட்டா காலி பண்ணச் சொல்லிடுவாரு, மேடவாக்கம் போயிட்டு வேளச்சேரி பிசியோன்னு போர்டு மாட்ட முடியுமா. அதோட இடப்பேரும் தொழில் பேரும் மட்டும் சேந்த பேருக்கு ட்ரேட்மார்க் வாங்கறது குதிரைக்கொம்பு, 1999 ட்ரேட்மார்க் சட்டம் 9வது பிரிவுல தடுத்துருவாங்க. ஏரியாவை போர்டோட வால்ல போடுங்க, பதிவு பண்ற பேர்ல வேணாம்.

உங்க சொந்தப் பேரையே வெக்கலாமா? ஒரு ஆள் கிளினிக்குன்னா தாராளமா வெக்கலாம், ஜனங்க எப்படியும் "அந்த பிசியோ தம்பிகிட்ட போங்க"ன்னுதான சொல்றாங்க. ஆனா நாளைக்கு ரெண்டு ஸ்டாஃப் போட்டீங்கன்னா ஒவ்வொரு பேஷன்ட்டும் "போர்டுல பேர் போட்டவர்தான் பாக்கணும்"னு அடம் புடிப்பாங்க, லீவே எடுக்க முடியாது. ரெண்டாவது பிராஞ்ச் போடற ஐடியா இருந்தா வேணாம்.

சரி, பேர் புடிச்சாச்சு, இப்ப செக் பண்ற வேலை

மூணு பேரை கைல வெச்சுக்கிட்டு இதை ஆரம்பிங்க, ஒரே பேர்ல மனசை வெச்சுட்டா அது ஏற்கனவே போயிருச்சுன்னு தெரியறப்ப சோறு எறங்காது. மொதல்ல கூகுள் மேப்ஸ்ல சென்னை முழுக்க தேடுங்க, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும், வாய்ஸ்ல சொல்லியும். அப்புறம் ஐபி இந்தியா சைட்ல ட்ரேட்மார்க் பப்ளிக் சர்ச் இருக்கு, அதுக்கு பணம் கெடையாது. கிளாஸ்னு கேக்கற எடத்துல (அதாவது என்ன வகைத் தொழில்ங்கறதுக்கான நம்பர்) 44 போடுங்க, மருத்துவ சேவை எல்லாம் அதுலதான் வரும். வேர்ட்மார்க், அதாவது எழுத்தை வெச்சு தேடிட்டு விட்டுடாம ஃபொனெடிக் சர்ச், அதாவது சத்தத்தை வெச்சு தேடறதும் போடுங்க, ஆப்பு எப்பவும் அங்கதான் இருக்கும். ட்ரெய்னிங் கோர்ஸ் நடத்தற எண்ணம் இருந்தா கிளாஸ் 41, பெல்ட்டு, ஸ்ப்ளின்ட்டு எல்லாம் உங்க பேர்ல விக்கறதுன்னா கிளாஸ் 10-உம் பாருங்க. அப்போலோ, காவேரி மாதிரி பெரிய ஆஸ்பத்திரி பேரை ஒட்டி எதையும் யோசிக்காதீங்க, அந்தப் பேர் உங்க தாத்தா பேராவே இருந்தாலும்.

அப்ளிகேஷன் ஆன்லைன்ல போட்டா தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு கிளாஸுக்கு 4,500 ரூபா, மத்த கம்பெனிகளுக்கு 9,000. சென்னைக்கான ட்ரேட்மார்க் ரிஜிஸ்ட்ரி கிண்டில ஜிஎஸ்டி ரோட்ல இருக்கு, ஆனா நீங்க அங்க போய் நிக்கவேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. ஜர்னல்ல வெளியான அப்புறம் 4 மாசம் யாராச்சும் ஆட்சேபிக்கறாங்களான்னு காத்திருக்கணும், கெடைச்சா 10 வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிச்சுக்கலாம். அப்ளை பண்ண ஒடனே டிஎம் போட்டுக்கலாம். வட்டத்துக்குள்ள ஆர் போடறது மட்டும் பதிவான அப்புறம்தான், முன்னாடியே போட்டா அது சட்டப்படி தப்பு, அபராதம் வரும். டிசைனர் பசங்க கேக்காமயே லோகோல ஆர் போட்டுத் தருவாங்க, எடுக்கச் சொல்லுங்க.

எந்த மாதிரி தொழிலா பதியறீங்கங்கறத பொறுத்து அடுத்த வேலை மாறும். ப்ரொப்ரைட்டர்ஷிப்னா (ஒரே ஆள் ஓனரா இருக்கறது) பேருக்குன்னு தனிப் பதிவு எதுவும் இல்ல, ஆனா கரன்ட் அக்கவுன்ட் ஓபன் பண்ண பேங்க்ல அந்தப் பேர்ல சர்டிஃபிகேட் கேப்பாங்க. நம்ம ட்ரீட்மென்ட்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கறதால பலபேர் ஜிஎஸ்டி எடுக்கறதில்ல, அதனால உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான அரசாங்கப் பதிவு) எடுத்துக்கோங்க, அது இலவசம், காசு கேக்கற சைட்டெல்லாம் டுபாக்கூர். பிரைவேட் லிமிடெட்னா எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) சைட்ல ஸ்பைஸ் ப்ளஸ்ங்கற கம்பெனி ஆரம்பிக்கற ஃபார்ம்ல பார்ட் ஏ, 1,000 ரூபா, கம்பெனிக்கு ரெண்டு பேர் எழுதிக் குடுக்கலாம், ஓகே ஆச்சுன்னா 20 நாள் உங்களுக்காக எடுத்து வெப்பாங்க, அதுக்குள்ள மீதி வேலைய முடிக்கணும். நேஷனல், சென்ட்ரல், கமிஷன், போர்டு இந்த மாதிரி வார்த்தைங்களுக்கு முன்கூட்டியே அரசாங்க அனுமதி வேணும். இருக்கற ஒரு பேரோட "சென்னை"ன்னு ஒட்டிட்டா வேற பேர் ஆயிடும்னு நெனக்காதீங்க, ஆகாது.

பார்ட்னர்ஷிப்ல ஒரு வேடிக்கை இருக்கு. 1932 பார்ட்னர்ஷிப் சட்டம் 58வது பிரிவுல ராயல், கிங், குயீன், இம்பீரியல், கிரவுன் இதெல்லாம் ஃபர்ம் பேர்ல வரக்கூடாது, மாநில அரசு எழுத்துல சம்மதிச்சாலொழிய. வெள்ளக்காரன் போயும் ராஜா மரியாதை போகல. அதனால "ராயல் பிசியோ"ன்னு ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் சேந்து பதியப் போனா திருப்பி அனுப்பிருவாங்க, பிரியாணிக்கடைக்கு எப்படி இருக்குன்னு அங்க போய் வாதாடிட்டு நிக்காதீங்க.

இதெல்லாம் தவிர நம்ம தொழில் சம்பந்தமான பதிவு இருக்கு. தமிழ்நாடு கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மென்ட்ஸ் சட்டம் 1997, அதுக்கு 2018-ல விதிகள் வந்துச்சு, மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் ஆபீஸ்ல, நம்ம பாஷைல ஜேடி ஆபீஸ்ல, பதியணும். ஆளுக்கான பதிவு வேற, பிசியோ, ஓடி, ஆப்டோமெட்ரி, டயட் எல்லாம் 2021-ல வந்த அலைடு ஹெல்த் கமிஷன் சட்டத்துக்குள்ள வர்றாங்க, ஆடியாலஜி ஸ்பீச் ஆளுங்களுக்கு ஆர்சிஐ (ரீஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா) நம்பர். பேர் விஷயத்துல இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: ஜேடி ஆபீஸ் சர்டிஃபிகேட், பேங்க், பில், போர்டு நாலுலயும் ஒரே பேர், ஒரே ஸ்பெல்லிங். பேஷன்ட் கியூஆர் ஸ்கேன் பண்றப்ப போர்டுல ஒரு பேர் போன்ல வேற பேர் வந்தா "இது யாரு சார்"ன்னு கை அப்படியே நிக்கும், பாத்துருப்பீங்க. ஆபீஸ்ல மெடிக்கல் பில் க்ளெய்ம் பண்றவங்களுக்கும் பேர் மாறி இருந்தா கேள்வி வரும், திரும்ப உங்ககிட்டதான் வந்து நிப்பாங்க.

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்ல பேர் போடறப்ப "பெஸ்ட் பிசியோதெரபி இன் அண்ணா நகர் நீ பெயின் பேக் பெயின்"னு ரயில் பொட்டி மாதிரி கோத்து விடறாங்க, போர்டுல என்ன பேரோ அதைத்தான் போடணும்னு அவங்க விதியே இருக்கு, யாராச்சும் ரிப்போர்ட் பண்ணா ப்ரொஃபைலே முடங்கிடும், ரிவ்யூவெல்லாம் அம்போ. என்ன சர்வீஸ்ங்கறத கேட்டகரில செலக்ட் பண்ணுங்க. இன்ஸ்டா ஹேண்டில் கெடைக்கலன்னா பின்னாடி சென்னைன்னு சேத்துக்கோங்க, அண்டர்ஸ்கோர் மூணு போட்டு வெக்காதீங்க, வாயால சொல்ல முடியாது.

போர்டுக்காரரை கடைசியா கூப்புடுங்க. ட்ரேட்மார்க் சர்ச் முடிஞ்சு, டொமைன் வாங்கி, பேங்க்ல பேர் ஓகே ஆன அப்புறம். அதுவரைக்கும் ஃப்ளெக்ஸ்ல சின்னதா அடிச்சு மாட்டிக்கலாம், ஏசிபி (அலுமினிய) ஷீட்ல லைட் லெட்டர் எல்லாம் அப்புறம். அடிக்கறதுக்கு முன்னாடி ப்ரூஃப்ல தமிழை நீங்களே படிங்க, "இயன்முறை"ல றகரத்துக்கு பதிலா ரகரம் போட்டுத்தான் அனுப்புவாங்க.

ஃப்ரெண்டோட சேந்து ஆரம்பிக்கறவங்களுக்கு மட்டும் இன்னொண்ணு. ரெண்டு பேர் பேர்ல இருந்து ஆளுக்கு ஒரு எழுத்து எடுத்து கோத்து வெக்காதீங்க. பிரிஞ்சுட்டா அந்தப் பேர் ரெண்டு பேருக்குமே உதவாது. எந்தப் பேரா இருந்தாலும் ட்ரேட்மார்க் யார் பேர்ல போடறது, பிரியறவர் அதே பேரோட அடுத்த தெருவுல கடை போடலாமா, வாட்ஸ்அப் நம்பரும் கூகுள் ரிவ்யூவும் யாருக்கு, இதையெல்லாம் பார்ட்னர்ஷிப் டீட்லயே ஒரு பாரா எழுதச் சொல்லுங்க. எப்படியும் டீட் எழுதத்தான போறார், அந்த ஒரு பாராவுக்குன்னு வக்கீல் தனியா காசு கேக்க மாட்டார்.